முயல் கூட்டுக்குப் பழைய பேப்பர்: எது உதவும், எது உதவாது?

இலங்கையின் மடுப் பக்கத்தில் முயலோ கோழிக்குஞ்சோ வளர்ப்பவர்கள் தரையில் விரிக்கத் தேடுவது உமியும் மரத்தூளும். கட்டுக்கரைக்குளத்து வயல்கள் இருக்கும்வரை உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உமி ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. மரத்தூளோ மூக்கில் ஏறும். வீட்டில் சேரும் பழைய பேப்பர் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கும்.

பேப்பர் என்பது மரநார். நார்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செய்தித்தாளில் பூச்சு இல்லை. அதனால் நன்றாக உறிஞ்சும். பளபளக்கும் சஞ்சிகைத் தாளில் சிறுநீர் மேலேயே தேங்கிவிடும். முட்டை மட்டையும் அச்சில்லாத காட்போட் மட்டையும் நல்லவை. கொப்பித் தாளும் ஆகும்; ஆனால் முதலில் இரு பக்கமும் எழுதித் தீரட்டும். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்த நாடு இது.

கொப்பிக் கம்பி, செலோடேப், கடித உறையின் பிளாஸ்டிக் ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சூட்டில் எழுத்து விழும் கடைப் பில்லில் இரசாயனப் பூச்சு உண்டு, வேண்டாம். மீன் சுற்றிய பேப்பர் எறும்பையும் எலியையும் கூட்டும். செய்தித்தாளின் கறுப்பு மைக்கு நிறம் தருவது கரித்தூள். முயல் ஓரிரு துண்டு கடித்தால் பயமில்லை. பேப்பரையே தீனியாக்கிக்கொண்டால் அதை எடுத்துவிட்டுப் புல்லைக் கூட்டிப் போடுங்கள்.

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். விரலகலக் கீற்றுகளைச் சாண் நீளத்துக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். நீளமானவை குட்டிகளின் காலில் சுற்றும். கோழிக்குஞ்சுக்கு முழுத்தாளைத் தட்டையாக விரிக்கக் கூடாது. வழுக்கி, கால் இருபுறமும் விரிந்து, குஞ்சு நடக்க முடியாமல் போகும். கீற்றாகவோ கசக்கியோ போட்டால் கால் ஊன்றும்.

பேப்பர் ஈரத்தைப் பிடிக்கும், நாற்றத்தைப் பிடிக்காது. சிறுநீரிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். நனைந்த மூலையை நாள்தோறும் அள்ளுங்கள்; வாரத்தில் இரண்டு முறை முழுவதையும் மாற்றுங்கள். நின்றபடி மணந்து பார்த்தால் தெரியாது. முயலின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, மாரி மழையில், விரித்த பேப்பர் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அப்போது தினமும் மாற்றவேண்டும். வெயில் காலத்தில் தடித்த விரிப்பு சூட்டை அடைத்துவைக்கும். முயல் வியர்க்காது, உடற்சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளிவிடும். ஆகவே மெல்லிதாகப் போட்டு, பாதித் தரையை வெறுமையாக விடுங்கள்.

அள்ளிய விரிப்பை எரிக்கவேண்டாம். முயல் எருவோடு கசங்கிய பேப்பரைக் குழியில் இட்டு, இலைகுழை போட்டு ஈரமாக வைத்திருந்தால் தோட்டத்துக்குக் கூட்டெரு கிடைக்கும். பூனையின் கழிவு கலந்ததை மட்டும் மரக்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள். அதில் மனிதருக்குத் தொற்றும், கர்ப்பிணிகளின் கருவைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி இருக்கலாம்.