சுகர் இறங்கினாலும் ஆபத்துதான்



சுகர் என்றாலே அது ஏறுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். "சுகர் இறங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மாதக் கூட்டங்களில் நாங்கள் கேட்டால், "இறங்கினா நல்லதுதானே மேடம்" என்றுதான் பல பேர் சொல்கிறார்கள். அளவுக்குக் கீழே இறங்கினால் நல்லதில்லை. ஏறிய சுகர் உடம்பைக் கெடுக்க வருஷக்கணக்காகும். ரொம்ப இறங்கிய சுகர் கொஞ்ச நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

இன்சுலின் என்ற பெயர் நமக்குத் தெரியும். அதற்குக் கூட்டாளி ஒன்று உண்டு, பெயர் குளுக்கோகான். இரண்டுமே வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் சுரப்பவை. நம் குழுக் கணக்கை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். சாப்பிட்டதும் ரத்தத்தில் சேரும் சர்க்கரையை வாங்கி ஈரலில் சேமிப்பாகப் போட வைப்பது இன்சுலின். பட்டினி கிடக்கும்போது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்வது குளுக்கோகான்.

நம் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலே ஒரு டீஸ்பூன் அளவு சர்க்கரைதான் இருக்கும். மூளைக்கோ அது ஓயாமல் வேண்டும். ராத்திரி சாப்பிட்டுப் படுத்து, காலையில் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, வேலை முடித்துப் பத்து மணிக்குச் சாப்பிடும்வரை நாம் மயங்கி விழாமல் இருப்பது குளுக்கோகான் செய்யும் வேலையால்தான். ஈரலின் இருப்பு சுமார் 100 கிராம். ஒரு நாள் முழுப் பட்டினியில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு தசையில் இருக்கும் புரதத்தைக் கரைத்து, அதிலிருந்து ஈரல் புதுசாகச் சர்க்கரை செய்யும்.

"ராத்திரி சாப்பிடவே இல்லை, காலையில பார்த்தா 180 இருக்கு, மிஷின் தப்பா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மிஷின் தப்பில்லை. சுகர் நோய் உள்ள பலருக்குக் குளுக்கோகான் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. கேட்காமலே கடன் கொடுக்கிற மாதிரி ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது இதற்கு வைத்தியம் ஆகாது. (சாப்பிட்டதும் குளுக்கோகானை அடக்குவதற்குக் குடலில் ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. உடம்பு இளைக்கப் போடுகிறார்களே, அந்த வார ஊசி இதைப் பார்த்துச் செய்ததுதான். டாக்டர் சொல்லாமல் யாரும் வாங்கிப் போட வேண்டாம்.)

இப்போது ஆபத்துக்கு வருவோம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று மாத்திரைக்குத் தெரியாது. இன்சுலின் ஊசியும் அப்படியே. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு களை எடுக்கப் போனால் சுகர் மடமடவென்று இறங்கும். அப்போது குளுக்கோகான் காப்பாற்ற வேண்டும். ஆனால் பல வருஷம் சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு, இந்த நேரத்தில் அது சரியாகச் சுரப்பதில்லை.

சுகர் 70-க்குக் கீழே போனால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் மணி அடிக்கும். குப்பென்று வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். "காத்து கருப்பு பட்டிருச்சு" என்று வேப்பிலை தேடி நேரத்தை விட்டுவிடக் கூடாது. அட்டெனலால் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் ஈரல் புதுச் சர்க்கரை செய்வதும் தடைபடும். சுகர் உள்ள வீட்டுக்காரர் குழறிக்கொண்டு விழுந்தால் "குடிச்சிட்டுக் கிடக்கார்" என்று விட்டுவிடாதீர்கள்.

நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள். மேலே சொன்ன மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தெளிந்த பிறகும் மறுபடி இறங்கும். அதனால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுவதுதான் நல்லது.

விரதம் இருக்கிறவர்கள், நோன்பு பிடிக்கிறவர்கள் அன்றைக்கு எந்த மாத்திரையை எவ்வளவு போடுவது என்று ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தான். நீங்கள் சாப்பிடுவது எந்த மாத்திரை, அது சுகரை இறக்கிவிடுகிற ரகமா என்று அவரிடம் கேட்டு அட்டையில் குறித்து வையுங்கள். வேலைக்குப் போகும்போது முந்தானையில் நாலு சர்க்கரை மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள்.