மங்களூர் ஓடு: வேலை கொடுப்பதற்காகப் பிறந்த தொழில்

பழைய சீமை ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது சில ஓடுகளின் அடியில் ஆங்கில எழுத்தில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற ஆண்டும் அச்சாகியிருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1815-இல் தொடங்கிய கிறிஸ்தவ ஊழிய அமைப்பு அது. வேதம் சொல்ல வந்தவர்கள் ஏன் ஓடு சுட்டார்கள்? வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறவர், அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று ஒரு தொழிலைத் தொடங்குவது இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. அது எப்படி வேரூன்றுகிறது, எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொள்ள மங்களூர் கதை நல்ல வழி.

பாசல் மிஷனின் முதல் மூன்று ஊழியர்கள் 1834-இல் மங்களூருக்கு வந்தார்கள். கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பில்லவர்கள். கள் இறக்குவது அவர்களுடைய குலத்தொழில்களில் ஒன்று. மிஷனோ கள்ளைப் பாவமாகப் பார்த்தது. ஞானஸ்நானம் பெற்றதும் மரமேறும் பிழைப்பு போனது. மதம் மாறியவர்களைச் சாதி ஒதுக்கியது. குத்தகை நிலத்திலிருந்தும் பலர் வெளியேற வேண்டிவந்தது. ஆகவே வேலை கொடுப்பது மிஷனுக்கு ஒரு கூடுதல் தருமம் அல்ல. அந்தக் குடும்பங்களின் பழைய பிழைப்பு அறுந்ததில் மிஷனுக்கும் பங்கு இருந்தது. புதிய பிழைப்பைக் காட்டும் கடமையும் அதற்கு இருந்தது. இந்தப் பொறுப்பை அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் நல்ல மனம் மட்டும் தொழிலை நடத்திவிடாது. விவசாயம் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடிகார வேலை கற்றுக்கொடுத்தார்கள்; கடிகாரம் வாங்க ஆள் எங்கே? 1841-இல் தொடங்கிய அச்சுக்கூடம் நிலைத்தது, ஆனால் அதில் சிலருக்கே இடம். நெசவு கொஞ்சம் பிடித்தது. 1851-இல் ஹாலர் என்ற தேர்ந்த நெசவாளர் ஐரோப்பாவிலிருந்து வந்தபின் தறியும் சாயப்பட்டறையும் வளர்ந்தன. காக்கிச் சாயம் அவருடைய பட்டறையில்தான் பிறந்தது என்று மங்களூரில் சொல்வார்கள். வடமேற்கு எல்லையில் 1840-களிலேயே ஒரு படைப்பிரிவு காக்கி உடுத்தியிருந்ததால் அந்தப் பெருமையை முழுதாக ஏற்க முடியாது. ஆயினும் மங்களூரிலும் கண்ணூரிலும் ஏராளமானோர், குறிப்பாகப் பெண்கள், இந்த நெசவால் கூலி கண்டார்கள்.

ஓடுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மிஷனில் இயந்திர வேலை தெரிந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட், மங்களூர் ஆற்றங்கரைக் களிமண்ணைச் சுட்டுப் பார்த்து, அது ஐரோப்பிய ஓட்டுக்குச் சளைத்ததல்ல என்று கண்டார். 1865-இல் நேத்ராவதி ஆற்றை ஒட்டிய ஜெப்புவில், மண்ணை அரைக்க ஒரு ஜோடி மாட்டை வைத்துத் தொழிற்சாலை தொடங்கியது. ஓரத்துப் பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டை அல்சாஸ் பகுதியின் கிலார்டோனி சகோதரர்கள் 1841-லேயே உருவாக்கியிருந்தார்கள். அந்த வகையைத்தான் பிளெப்ஸ்ட் இங்கே கொண்டுவந்தார். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட வேண்டும், பாரம் கூடும், சில மழைக்காலம் போனால் பிரித்து மேய வேண்டும். இந்த ஓட்டுக்கு ஓர் அடுக்கும் அதைத் தாங்க ரீப்பரும் போதும். ஓலைக் கூரைபோல் தீப்பிடிக்கும் பயமும் இல்லை. மேற்குக் கரை மழையில் வாழ்கிறவருக்கு இதன் பயனை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை எத்தனை விதமாகப் பிரிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மண் வெட்ட ஆள், தோணியில் ஏற்றிவர ஆள், அரைக்க, அச்சில் அழுத்த, நிழலில் அடுக்கிக் காயவைக்க, சூளை ஏற்ற, விறகு கொண்டுவர, சுட்ட ஓட்டைத் தட்டித் தரம் பிரிக்க என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இடம் இருந்தது. துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் ஓடு கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போனது. கடிகாரப் பட்டறையில் இல்லாதது இதில் இருந்தது. மூலப்பொருள் உள்ளூரில் கிடைத்தது. செய்த பொருளை, செய்தவர் எந்த மதம் என்று கேட்காமல், எல்லோரும் வாங்கினார்கள்.

பணத்தை எப்படிக் கையாண்டார்கள்? 1859-இல் வணிகத்துக்கென்று தனி நிறுவனம் அமைத்து, பங்குதாரர் எடுக்கும் லாபத்துக்கு வரம்பு வைத்து, மிச்சத்தில் ஊழியத்துக்கும் பங்கு கொடுத்தார்கள். பவுல் அப்போஸ்தலர் கூடாரம் செய்து தம் செலவைப் பார்த்துக்கொண்டதை இதற்கு முன்மாதிரியாகச் சிலர் காட்டுவதுண்டு. அவர் உழைத்தது பிறர்மேல் பாரம் வைக்காமல் இருக்க. பிறருக்கு வேலை கொடுக்கும் தொழில் வேறு. அதில் முதலாளி, கூலியாள் என்ற உறவு வந்துவிடுகிறது.

அந்த உறவில்தான் சிக்கல். மங்களூரில் சம்பளம் கொடுப்பவரும் சபையை நடத்துபவரும் ஒரே மிஷன். வீடும் பலருக்கு மிஷன் நிலத்தில். சபை ஒழுங்கை மீறினால் பிழைப்பும் ஆடும் நிலையில் ஒருவர் மனதில் பட்டதை எப்படிப் பேசுவார்? வேலைக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சும் அவர்களை விடவில்லை. உண்மையான விசுவாசத்தோடு எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு அது பெரிய அவமானம். தொழில் தொடங்கும் ஊழியர் இன்றும் முதலில் காக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்: வேலைக்கு எடுப்பது திறமைக்காக, சம்பளம் உழைப்புக்காக, ஜெபம் அவரவர் விருப்பம்.

1868-லேயே அல்புகெர்க் என்ற மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பம் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டது. 1900 வாக்கில் மங்களூரைச் சுற்றி ஏறக்குறைய 25 தொழிற்சாலைகள். மிஷனுக்குப் போட்டிதான், ஆனால் இதைவிடப் பெரிய வெற்றி அதற்கு வாய்க்கவில்லை என்பேன். ஏனென்றால் 1914-இல் உலகப் போர் வெடித்ததும் ஜெர்மானிய ஊழியர்களைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்துப் பிறகு நாட்டைவிட்டு அனுப்பியது. தொழில்கள் பறிபோய், 1919-இல் உருவான காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் சேர்ந்தன. தொடங்கியவர்கள் போனபின்பும் சூளைகள் எரிந்தன. மண் பதம் பார்க்கவும் நெருப்பு அளக்கவும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொழிற்சாலை கட்டாமலும் வேலை உண்டாக்கலாம். 1946-இல் புவர்ட்டோ ரிக்கோவுக்குப் போன எட்னா ரூத் பைலர் என்ற, மென்னோனைட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த அமெரிக்கப் பெண், அங்குள்ள பெண்களின் பூத்தையல் துணிகளை வாங்கிவந்து தன் நாட்டில் அறிந்தவர்களுக்கு விற்றார். கைத்திறன் அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது சந்தை மட்டுமே. அவருடைய முயற்சி பிற்காலத்தில் டென் தௌசண்ட் வில்லேஜஸ் என்ற நியாய வணிக நிறுவனமாக வளர்ந்தது. பெரிய முதல் இல்லாத தன்னார்வலருக்கு இந்த வழியே ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இப்படித் தொடங்க நினைப்பவர் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு மிஷனரி விசாவில் வந்தவர் வியாபாரம் நடத்த முடியாது; அதற்குத் தனி விசா வேண்டும். மற்ற நாடுகளிலும் உரிமம், வரி, வெளிநாட்டு முதலீட்டு விதிகள் உண்டு. வேலை கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பெயரளவில் ஒரு கம்பெனி வைத்து விசா வாங்குவது ஊரையும் அரசையும் ஏமாற்றுவது. வெளிப்பட்டால் துன்பப்படுவது உள்ளூர் சபையார். உள்ளூர்க் கூட்டாளியின் பங்கு எவ்வளவு, தொடங்கியவர் ஊர் திரும்பினால் நிர்வாகம் யாரிடம் போகும் என்பதை முதல் சம்பளம் கொடுப்பதற்கு முன்பே ஊர்க்காரர்கள் படிக்கும் மொழியில் எழுதிப் பதிவுசெய்துவிட வேண்டும்.