வெந்நீர்க் கலத்தின் பாதுகாப்புக் குழாய்

வீடுகளிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் பொருத்தப்பெறும் மின்சார வெந்நீர்க் கலத்திலிருந்து சிறு குழாய் ஒன்று கீழ்நோக்கிச் செல்வதைக் காணலாம். கலம் சூடேறும்பொழுது அதன் நுனியில் சில சமயம் நீர் சொட்டும். இதனைப் பழுது எனக் கருதி நுனியை அடைத்துவிடுவோர் உண்டு. இச்செயல் பெரும் அபாயத்தை விளைவிக்கக்கூடியது.

சூடேறும் நீர் விரிவடைகிறது. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையிலுள்ள 25 லிட்டர் நீரை 60 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் பருமன் ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் மிகுகிறது. கலத்திற்கு நீர் வரும் வழி திறந்திருப்பின், மிகுதியான நீர் அவ்வழியே மேல்தொட்டியை நோக்கித் திரும்பிவிடும். அவ்வழியில் ஒருவழி வால்வு பொருத்தப்பட்டிருப்பின் அது இயலாது. நீரை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். ஆகவே கலத்தினுள் அழுத்தம் விரைவில் உயர்கிறது. அப்பொழுது அழுத்தம் தணிக்கும் வால்வு சற்றே திறந்து, சிறிது நீரைக் குழாய் வழியே வெளியேற்றுகிறது. சூடேறும் வேளையில் மட்டும் காணும் சில சொட்டுகள் வால்வு செவ்வனே இயங்குவதற்கு அறிகுறியாகும்.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதுபட்டால் நிலைமை வேறு. மின்சாரம் நில்லாது பாய, நீர் மேலும் மேலும் சூடேறும். அழுத்தம் உயர உயரக் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில், நீர் சுமார் 175 டிகிரியில்தான் கொதிக்கும். அந்நிலையில் கலம் பிளந்தால் அழுத்தம் திடீரெனக் குறைகிறது. நீரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்பொழுது அதன் பருமன் 1,600 மடங்குக்கும் மேல் பெருகுமாதலால், 25 லிட்டர் கலத்திலிருந்து ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான நீராவி பீறிடும். 1982ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள ஸ்பென்சர் என்னும் ஊரில், தொடக்கப் பள்ளி ஒன்றின் வெந்நீர்க் கலம் வெடித்ததில் ஆறு குழந்தைகளும் ஆசிரியர் ஒருவரும் உயிரிழந்தனர்.

ஆகவே, இக்குழாயை அமைப்பதில் பின்வரும் விதிகளைக் கவனித்தல் வேண்டும்.

1. குழாயின் உள்விட்டம் வால்வின் வாயினும் குறுகியிருத்தலாகாது.
2. குழாயில் எவ்விடத்தும் அடைப்பானோ திருகு மூடியோ பொருத்தலாகாது.
3. நீர் தேங்காதவாறு குழாய் முழுவதும் கீழ்நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும்.
4. கொதிநீரையும் ஆவியையும் தாங்கும் பொருளால் அது செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.
5. நுனி நீரில் மூழ்காமல், கண்ணுக்குப் புலப்படும் இடத்தில், எவர் மீதும் கொதிநீர் படாதவாறு தரையருகே முடிதல் வேண்டும்.

குழாயில் நீர் இடைவிடாது வழிந்தாலோ, ஆவி வெளிப்பட்டாலோ, கலத்தின் அருகே செல்லாமல் மின்சாரத்தை முதன்மை இணைப்பில் நிறுத்திவிட வேண்டும். கலம் தானே ஆறும் வரை காத்திருந்து, பின்னர்த் தேர்ந்த பணியாளரைக் கொண்டு தெர்மோஸ்டாட்டையும் வால்வையும் சோதிக்கச் செய்தல் நலம். உப்பு மிகுந்த கடின நீர் வழங்கும் ஊர்களில் சுண்ணப் படிவு வால்வை இறுகச் செய்யுமாதலால், ஆண்டுதோறும் சோதித்தல் அவசியம்.

இத்தத்துவத்தை வகுப்பறையிலும் விளக்கலாம். கண்ணாடிக் குடுவையொன்றில் வண்ண நீரை விளிம்பு வரை நிரப்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய் செருகிய தக்கையால் மூடி, இளஞ்சூடான நீரில் நிறுத்தினால், குழாயில் நீர் மட்டம் ஏறுவதை மாணவர் காண்பர். குழாயின் மேல்முனை எப்பொழுதும் திறந்தே இருத்தல் வேண்டும். விடுதிகளையும் சுகாதார நிலையங்களையும் பார்வையிடும் களப் பணியாளர்கள், வெந்நீர்க் கலம் உள்ள இடங்களில் இக்குழாயின் நுனி திறந்துள்ளதா என்பதையும் நோக்குவார்களாயின், பல உயிர்கள் காக்கப்படும்.