கொரோனா வராதவங்களுக்கும் ரத்தம் உறையுமா? ஊரடங்கு சொன்ன பாடம்

புதுச்சேரி:

கடந்த 2020–ம் ஆண்டு மார்ச் 25–ந்தேதி தொடங்கிய ஊரடங்கு 4 கட்டமாக மே 31 வரை, மொத்தம் 68 நாட்கள் நீடித்தது. பஸ் ஓடவில்லை. கடற்கரை சாலையில் தினமும் வாக்கிங் போனவர்கள் வீட்டுக்குள் முடங்கினர். கொத்தனார், சித்தாள் எல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்தனர்.

கொரோனா கிருமி ரத்தத்தை உறைய வைக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கொரோனாவே வராதவர்களுக்கும் இன்னொரு வழியில் ஆபத்து இருந்தது. அதுதான் அசையாமல் உட்கார்ந்திருப்பது.

எப்படி உறைகிறது?

காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறி இதயத்துக்கு போகணும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி, பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பம்பு நின்றுவிடும். ரத்தம் தேங்கி கட்டியாகும். அந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

லண்டனில் நடந்தது

இது புதுசு இல்லை. 1940–ல் லண்டனில் குண்டு மழை பொழிந்தபோது மக்கள் பதுங்கு இடங்களில் ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தனர். நுரையீரல் அடைப்பால் பலர் இறந்தனர். இதை டாக்டர் கீத் சிம்ப்சன் அப்போதே சுட்டிக்காட்டினார். நியூசிலாந்தில் தினமும் 12 மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த 32 வயது வாலிபருக்கும் இதே நிலை வந்ததாக 2003–ல் டாக்டர்கள் எழுதினர்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் பாடு

ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூரில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருவது வழக்கம். ஊரடங்கில் எல்லை அடைக்கப்பட்டது. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அடிக்கடி ரத்த டெஸ்ட் எடுக்கணும். மருந்து குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் ரத்தம் கசியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி போக முடியாததே பெரிய ஆபத்து. ‘ஆஸ்பத்திரி போனா கொரோனா ஒட்டிக்கும்’ என்று பயந்து வலியை பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு.

தைலம் தேய்க்காதீங்க!

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் சுளுக்கு என்று நினைத்து உருவி விடக்கூடாது. கட்டி நகர்ந்துவிடலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்க. டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமினால் ரத்தம் வந்தால் உடனே 108–க்கு போன் பண்ணுங்க.

வீட்டில் முடங்கிய எல்லோருக்கும் இது வந்துவிடாது. ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமானவர்கள், புற்றுநோயாளிகள், குண்டானவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் தையல் மிஷின், ஆட்டோ, கல்லாப்பெட்டி என்று நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைப்பவர்கள் நம்ம ஊரில் ஏராளம். மணிக்கு ஒருமுறை எழுந்து 5 நிமிஷம் நடங்க. முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலை தூக்கி இறக்குங்க. தண்ணீர் குடிங்க. காசு செலவில்லாத வைத்தியம் இது.