புள்ளி வைத்தால் வரி போச்சு!

"ஒரு ஃபுல்ஸ்டாப்பை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்றெல்லாம் ஒரு சண்டையா?" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் இதைக் கேளுங்கள்.

யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'விஐ' என்று ஒரு எடிட்டர். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பில் ஜாய் 1976-ல் எழுதிய புரோகிராம். அதில் 'டி' எழுத்தை இரண்டு தடவை தட்டினால் ஒரு வரி அழியும். புள்ளியைத் தட்டினால்? கடைசியாகச் செய்த காரியத்தை இன்னொரு தரம் செய்யும்!

இதை மேனுவலில் எழுதும்போதுதான் வம்பு. வாக்கியத்தின் கடைசியில், மேற்கோள் குறிக்குள் அந்த இரண்டு 'டி' வருகிறது. அமெரிக்க இலக்கண வாத்தியார்கள் முற்றுப்புள்ளியும் மேற்கோளுக்கு உள்ளேதான் உட்காரணும் என்பார்கள். உட்கார வைத்தால் தீர்ந்தது கதை! புதிதாகக் கற்கிற பையன் பார்த்ததை அப்படியே, புள்ளியோடு சேர்த்துத் தட்டுவான். ஒரு வரி போக வேண்டிய இடத்தில் இரண்டு வரி காலி. அதனால்தான் புரோகிராமர்கள் பலர் பிரிட்டிஷ்காரர் மாதிரி புள்ளியை வெளியே நிறுத்துகிறார்கள். இலக்கணம் தெரியாமல் இல்லை!

யூனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3-ம் தேதியிட்டது. கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி இருவரும் போட்ட பிள்ளையார் சுழி. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள்: பெயர், எழுதும் முறை, விளக்கம் என்று போய், 'பக்ஸ்', அதாவது 'இதில் உள்ள கோளாறுகள்' வரை. தயாரித்தவரே குறையை ஒப்புக்கொள்கிறார்! (எந்த மிக்ஸி கம்பெனியாவது இப்படி அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா?) அந்த வரிசை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. எது எங்கே இருக்கும் என்று கண்ணுக்கே பழகிவிடுகிறது.

ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் இன்னும் கறார். 'ஃபைல் சிஸ்டம்' ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை, சேர்த்து எழுதாதே. பட்டியலில் கடைசி 'அண்ட்'டுக்கு முன்னாலும் கமா போடு. 'டூ நாட்' என்பதை 'டோண்ட்' என்று சுருக்காதே, மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார் என்று எழுதுபவர்களுக்குத் தனிக் கையேடே உண்டு. வீண் பிடிவாதம் போலத் தெரியும். ஆனால் பாதிப் பக்கத்தில் சேர்த்தும் பாதியில் பிரித்தும் எழுதினால், தேடுகிறவனுக்குப் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு வில்லன், சின்னக் கோடு. வார்த்தைகளை இணைக்கிற ஹைஃபனும், கழித்தல் குறியும் நம் கண்ணுக்கு அண்ணன் தம்பி. மெஷினுக்கு இருவரும் யாரோ எவரோ! மேனுவல் பக்கங்களை வடிவமைக்கிற 'ஜிராஃப்' புரோகிராமின் புதுப் பதிப்பு 2023-ல் வந்தது. எழுதியவர் வெறும் கோடு போட்டிருந்தால் அது அசல் ஹைஃபனாகவே திரையில் வந்தது. கட்டளையை அங்கிருந்து நகல் எடுத்து ஒட்டினால் மெஷின் முறைக்கும். 'கழித்தல் குறி வேண்டுமானால் அதற்குரிய அடையாளத்தோடு எழுதணும்' என்பது ஜிராஃப் கட்சி. டெபியன்காரர்களோ பழைய வழக்கத்துக்கே திருப்பிவிட்டார்கள். நியாயம் ஜிராஃப் பக்கம். என் ஓட்டு டெபியனுக்கு. ஆயிரக்கணக்கான பழைய பக்கங்களை யார் உட்கார்ந்து திருத்துவது?

தமிழில் மொழிபெயர்ப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 'ஃபோல்டர்' ஒருவருக்குக் 'கோப்புறை', இன்னொருவருக்கு 'அடைவு'. இரண்டும் நல்ல வார்த்தைதான். ஆனால் திரையில் ஒன்றும் உதவிப் பக்கத்தில் மற்றதும் இருந்தால், தாத்தா அடைவைத் திறந்து வைத்துக்கொண்டே, "கோப்புறை எங்கேடா?" என்று பேரனைக் கூப்பிடுவார்.