உங்களுக்குத் தெரியுமா? லாங்போர்டுக்கு எமன் அதன் சொந்தக்காரர்தான்!

1960-களின் லாங்போர்டுகள், அதாவது நீள அலைச்சறுக்குப் பலகைகள், இன்று அரிதாகிப்போனதற்குக் கடலோ கறையானோ காரணமில்லை. 1967-68 வாக்கில் குட்டைப் பலகை மோகம் பிடித்ததும், கலிஃபோர்னியா இளைஞர்கள் பலர் தங்கள் ஒன்பது, பத்தடிப் பலகையின் கண்ணாடியிழைத் தோலை உரித்து, உள்ளே இருந்த நுரையைச் செதுக்கிக் குட்டையாக்கிக்கொண்டார்கள். தப்பிப் பிழைத்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் இப்போது வலைவீசித் தேடுகிறார்கள்.

• பலகையின் அடியில் முதலில் ஃபின் (மீன்துடுப்பு போன்ற தகடு) பொருத்தியவர் அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக், 1935-இல். கைவிடப்பட்ட ஒரு விசைப்படகிலிருந்து கழற்றியது அது!

• பலகையைக் காலோடு கட்டும் கயிறு 1970-களில்தான் பரவியது. அதுவரை விழுந்தால் பலகை கரைக்கு, ஆள் அதன் பின்னால் நீச்சல். தொடக்ககாலக் கயிறோ ரப்பராய் இழுபட்டுப் பலகையைத் திருப்பி அடிக்கும். குளிர்காப்பு நீருடை (வெட்சூட்) தயாரிப்பாளர் ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணையே இழந்தது அப்படித்தான்.

• ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு 1914-15 கோடையில் சிட்னியில் தானே செதுக்கிய பைன் மரப்பலகை, அங்குள்ள ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரை உயிர்காப்பு சங்கத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. பார்க்கலாம், ஓட்டக் கேட்காதீர்கள்!