கண்புரை அறுவை: மாத்திரைப் பையும் சொட்டு மருந்தும்

திருச்சிக்குக் கண்புரை அறுவை புதிதல்ல. மேலப்புதூரில் ஜோசப் கண் மருத்துவமனை 1934-இல் தொடங்கியது. இன்று அறுவை பெரும்பாலும் அரை மணிக்குள் முடிகிறது. மருந்து வாரக்கணக்கில் தொடர்கிறது. கவலையெல்லாம் அந்த அரை மணியைப் பற்றித்தான் என்பதே என் ஆதங்கம்.

எல்லா மாத்திரையையும் காட்டுங்கள்

கண் டாக்டரிடம் புராஸ்டேட் மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அவற்றில் ஒன்றான டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்கு அறுவையின் நடுவே கருவிழித்திரை தொய்ந்து, விரித்து வைத்த கண்மணி சுருங்கிவிடலாம். 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். மாத்திரையை நிறுத்தி வெகுநாளானாலும் இது நேரலாம். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற மருந்தும் கருவியும் தயாராக வைத்துக்கொள்வார்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி உபவாசம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் அதையும் சொல்லியே தேதி வாங்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

கண்ணுக்குள் ஒரு துளி

அறுவைக்கு முன் போவிடோன் அயோடின் சொட்டு விட்டுக் கிருமிகளை அழிக்கிறார்கள். முடிக்கும்போது மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையை அரவிந்த் கண் மருத்துவமனைகள் 6 லட்சம் அறுவைகளில் ஆராய்ந்தன. 2017-இல் வெளிவந்த முடிவின்படி, கண்ணுக்குள் சீழ் பிடிப்பது 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமானது. நம் மண்ணில் நடந்த இந்த ஆய்வை உலகமே கவனித்தது.

வீட்டில்தான் பாதி வைத்தியம்

அறுவைக்குப் பின் தரும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் சொட்டு பால் போல் இருக்கும். மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் முதலில் வெறும் நீர்தான் விழும். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, ஒரே சொட்டு. குப்பியின் நுனி இமையில் படக்கூடாது. இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம். திறந்த குப்பியை நான்கு வாரத்துக்குப் பின் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். "கண் குளுகுளுன்னு இருக்கு" என்று மெடிக்கலில் மறுபடி வாங்கி மாதக்கணக்கில் விடுவது பெருந்தவறு. கண் அழுத்தம் வலியில்லாமல் ஏறி, பார்வை நரம்பையே அரித்துவிடலாம். போன பார்வை திரும்பாது.

அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்கு டாக்டர் அனுமதித்த பிறகுதான். ஆடிப்பெருக்கு வந்தாலும் காவிரி நீர் கண்ணில் படவேண்டாம். வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். இரவானால் அவசரப் பிரிவுக்கு.